கூரைக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கு

சீனர்கள் புழங்கும் இடங்களில் சுவரைக் கவனிக்கும் பழக்கம் உள்ளவர் கண்ணில் இந்த எட்டு எழுத்துகள் என்றாவது ஒரு நாள் பட்டுவிடும். மேலாளரின் நாற்காலிக்குப் பின்னால், தேநீர்க்கடைக் கல்லாவுக்கு மேலே, பள்ளிக்கூட வரவேற்பறையில். தாளில் தூரிகையால் எழுதி, பட்டுக்கரை கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். இடம் போதாவிட்டால் முதல் நான்கு எழுத்துகள் மட்டும் இருக்கும். ‘ஹாய் நா பாய் ச்சுவான், யோ ரோங் நாய் தா.’ கடல் நூறு ஆறுகளை உள்ளே வாங்கிக்கொள்கிறது. கொள்ள இடம் இருப்பதால் பெரிதாகிறது. சிச்சுவான் பல்கலைக்கழகத்தின் குறிக்கோள் வாசகம் இது. ஷாங்காய் நகரம் 2007இல் தன் இயல்பு இன்னதென்று பதினாறு எழுத்துகளில் வகுத்துக்கொண்டபோது அவற்றில் முதல் நான்கும் இவையே.

பொருள் கேட்டால் பெருந்தன்மை என்று சொல்லிவிடலாம். தப்பில்லை. ஆனால் பெருந்தன்மை என்றதும் நம் மனத்தில் எழுவது பிறர் செய்த பிழையைப் பொறுக்கும் ஒருவரின் முகம். இந்தத் தொடர் வந்த வழியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், அது பிழை பொறுப்பதைவிடக் கடினமான ஒன்றிலிருந்து பிறந்திருப்பது தெரிகிறது. தன்னைவிடத் திறமையான ஒருவரைத் தன் அருகிலேயே வைத்துக்கொள்ள ஒரு மனிதனுக்குள் எவ்வளவு இடம் வேண்டும்? அந்தக் கேள்விதான் இதன் வேர் என்று நான் நினைக்கிறேன்.

எழுத்துகளிலிருந்தே தொடங்கலாம். ‘ஹாய்’ கடல். ‘பாய்’ நூறு; எண்ணிக்கையைக் குறிக்க வந்ததன்று, ‘எல்லா’ என்ற பொருள். ‘ச்சுவான்’ ஓடும் ஆறு. மூன்று கோடுகள் சற்றே வளைந்து இறங்கும், பார்த்தாலே நீரோட்டம். ‘நா’ என்பதில் இடப்பக்கம் பட்டுநூலுக்கான குறி, வலப்பக்கம் ‘உள்ளே’ என்னும் எழுத்து. உள்ளே வாங்குவதற்கு வரும் இந்த எழுத்துதான் கருவூலத்துக்கு வரி கட்டுவதற்கும் வருகிறது. இரண்டாம் பாதியில் ‘யோ’ இருத்தல், ‘நாய்’ அதனால், ‘தா’ பெரிது. நடுவில் நிற்கும் ‘ரோங்’தான் முழுத் தொடரையும் தாங்குகிறது.

ஷூ ஷென் என்பவர் தொகுத்து கி.பி. 121இல் ஹான் அரசவையில் அளிக்கப்பட்ட ‘ஷுவோவென்’ அகராதி, இந்த எழுத்தின் மேற்பகுதியைக் கூரை என்றும் கீழ்ப்பகுதியைப் பள்ளத்தாக்கு என்றும் பிரிக்கிறது. பொருள்: நிரப்பி வைத்தல். பத்தாம் நூற்றாண்டில் அந்த அகராதியைப் பதிப்பித்த ஷூ ஷுவான், வீடும் பள்ளத்தாக்கும் இரண்டுமே பொருள்களை ஏற்று வைத்திருப்பவை என்று விளக்கம் சேர்த்தார். கீழே பள்ளத்தாக்குக்குப் பதில் வேறொரு உறுப்பு வரும் பழைய வடிவத்தையும் அந்த அகராதி காட்டுகிறது. ஆகவே கூரையும் பள்ளத்தாக்கும்தான் முதல் வடிவம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சீனச் சிறுவர்கள் இந்த எழுத்தைத் தூரிகையால் பழகும்போது, ஒரு கூரையைப் போட்டு அதன் கீழே ஒரு பள்ளத்தாக்கை வரைந்துகொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

தமிழ் வாசகருக்கு இந்த எழுத்து எளிதில் பிடிபடும். நம் ‘கொள்’ என்னும் வினை செய்யும் வேலையை ஏறத்தாழ அப்படியே ‘ரோங்’ செய்கிறது. கொள்கலத்துக்குச் சீனத்தில் ‘ரோங்ச்சி’, கொள்ளளவுக்கு ‘ரோங்லியாங்’. கைபேசி வாங்கும்போது நினைவகம் எவ்வளவு என்று கேட்கவும் அந்தச் சொல்தான். பொறுத்துக்கொள்வதற்கு ‘ரோங்ரென்’. வீடு கொள்ளாத கூட்டம் என்கிறோம், மகிழ்ச்சி மனம் கொள்ளவில்லை என்கிறோம். பாத்திரத்துக்கும் மனத்துக்கும் ஒரே வினை. சீனத்திலும் அப்படியே. இங்கே பெருந்தன்மை என்பது பொங்கிவரும் ஓர் உணர்ச்சி என்பதற்கு முன்னால் ஓர் அளவு. படியில் எவ்வளவு பிடிக்கும் என்பதைப்போல.

முதல் பாதிக்குச் சீன அகராதிகள் காட்டும் மூலம் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த யுவான் ஹோங். தந்தையை இளமையிலேயே இழந்த ஏழை. வரித் தானியம் ஏற்றிச் செல்லும் படகில் வேலை பார்த்து வயிறு வளர்த்தவர். ஓர் இலையுதிர்காலத்து நிலவிரவில் யாங்சி ஆற்றில் நியூஜு என்ற துறைக்கருகே அவருடைய படகு நின்றிருந்தது. அந்தப் பகுதிக் காவற்படைத் தலைவர் ஷியே ஷாங் அடையாளம் காட்டாமல் உல்லாசமாகப் படகில் போய்க்கொண்டிருந்தார். சரக்குப் படகிலிருந்து யாரோ கவிதை சொல்லும் குரல் கேட்டது. வரலாற்று நாயகர்களைப் பற்றிய கவிதை. அவர் அதுவரை கேட்டிராதது. ஆளனுப்பி விசாரித்தார். கூலிக்காரன் ஒருவன் தானே கட்டிய கவிதைகளைத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று பதில் வந்தது. யுவான் ஹோங்கைத் தம் படகுக்கு அழைத்துக்கொண்டார் ஷியே ஷாங். இருவரும் விடியும்வரை பேசினார்கள். அன்று தொடங்கியதுதான் யுவான் ஹோங்கின் பேர்.

பின்னாளில் அவர் மூன்று அரசுகள் காலத்து அமைச்சர்கள் இருபது பேரைப் புகழ்ந்து ஒரு நூல் எழுதினார். அதில் ஷூ மியாவ் என்பவரைப் பற்றிச் சொல்லும் இடத்தில்தான் நம் தொடரின் கரு இருக்கிறது. நெஞ்சுக்குச் சீன இலக்கியத்தில் ‘ஃபாங்சுன்’ என்று ஒரு பெயர் உண்டு. சதுர அங்குலம் என்று பொருள். அந்தச் சதுர அங்குலத்துக்குப் பக்கத்தில் ‘ஹாய் நா’, கடல்போல் உள்ளே வாங்குவது, என்ற இரண்டு எழுத்துகளை வைத்தார் யுவான் ஹோங். ஓர் அங்குல இடத்துக்குள் கடலின் கொள்ளளவு. நூறு ஆறுகள் அங்கே இன்னும் வரவில்லை. இந்தப் படைப்பு ‘வென்ஷுவான்’ என்ற புகழ்பெற்ற தொகைநூலில் சேர்ந்தது. அந்தத் தொகைக்கு 718இல் தாங் அரசவையில் அளிக்கப்பட்ட ஐவர் உரையில், லீ ஜோவ்ஹான் என்ற உரைகாரர் இந்த இடத்தை விளக்கும்போது, கடல் நூறு ஆறுகளை வாங்குவதுபோல என்று விரித்தார். நான்கு எழுத்துகளும் அங்கேதான் ஒன்றுசேர்கின்றன. ஒரு மரபுத்தொடர் உரைகாரரின் கையில் உருப்பெறுவது நம் உரை மரபை அறிந்தவர்களுக்கு வியப்பாக இராது.

யார் இந்த ஷூ மியாவ்? நல்ல குடிகாரர். அப்போது ஆட்சியைக் கையில் வைத்திருந்த ட்சாவ் ட்சாவ் மதுவிலக்குக் கொண்டுவந்திருந்த காலம். குடிப்பவர்கள் தங்களுக்குள் குழூஉக்குறி வைத்திருந்தார்கள்: தெளிந்த மதுவுக்கு ‘ஞானி’, கலங்கிய மதுவுக்கு ‘சான்றோர்’. அலுவலக விஷயமாக ஓர் அதிகாரி வந்து கேள்வி கேட்டபோது, போதையிலிருந்த ஷூ மியாவ் தம்மை ஞானி தாக்கிவிட்டார் என்று பதில் சொன்னார். ட்சாவ் ட்சாவுக்குக் கடுங்கோபம். இவர் எப்போதும் ஒழுங்கானவர், போதையில் வாய் தவறிவிட்டது என்று ஒரு தளபதி எடுத்துச் சொன்னதால் தண்டனை தப்பியது. பல ஆண்டுகள் கழித்து, ட்சாவ் ட்சாவின் மகன் பேரரசனாகியிருந்தபோது, இன்னும் ஞானி தாக்குவதுண்டா என்று அவரிடம் சிரித்துக்கொண்டே கேட்டான். இன்னும் அவ்வப்போது உண்டு, என்னைத் திருத்திக்கொள்ள முடியவில்லை என்று அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அரசன் வாய்விட்டுச் சிரித்தான்.

இந்தச் சிரிப்புக் கதையோடு அவரை விட்டுவிட்டால் கடல் என்ற உவமை விளங்காது. மேற்கு எல்லையில் லியாங்ஜோவ் என்ற வறண்ட மாகாணத்துக்கு ஆளுநராகப் போனபோது அவர் செய்தவற்றை ‘மூன்று அரசுகளின் வரலாறு’ பதிவுசெய்திருக்கிறது. உப்பளங்களைச் சீர்செய்து, அந்த வருவாயில் தானியம் வாங்கினார். பாசனம் அமைத்து, ஏழைகளைக் குத்தகைக்கு அமர்த்திப் பயிரிடவைத்தார். அந்த எல்லையில் ச்சியாங், ஹூ என்னும் வேற்றின மக்கள் இருந்தார்கள். அவர்கள் செய்யும் சிறு பிழைகளை அவர் கேட்பதே இல்லை. பெருங்குற்றமென்றால், முதலில் அவர்களுடைய குலத்தலைவரிடம் சொல்லி, இன்னது நடந்தது, இன்னது செய்யப்போகிறேன் என்று தெரியப்படுத்திய பிறகுதான் தண்டனை. அரசு கொடுத்த பரிசுகளையெல்லாம் படைவீரர்களுக்கே பிரித்துக்கொடுத்துவிட்டார். மனைவி மக்களுக்கு உடுக்கவும் உண்ணவும் போதாமல் இருந்தது. அது பேரரசன் காதுக்கு எட்டி, வீட்டுக்குத் தேவையானதை அரண்மனையிலிருந்து அவ்வப்போது அனுப்பவேண்டியதாயிற்று. முன்கூட்டித் தலைவரிடம் சொல்லியனுப்புவது என்ற அந்த ஒரு வழக்கத்தில் என் மனம் நின்றுவிடுகிறது. தண்டிக்கும் அதிகாரம் கையில் இருக்கிறது. யாரையும் கேட்கத் தேவையில்லை. ஆனாலும் அடுத்தவர் மரியாதை நிற்க ஓர் இடம் விடுகிறார்.

நீர் உவமை யுவான் ஹோங்குக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. ‘லாவோட்சு’ நூலில் ஆறுகளும் கடல்களும் பள்ளத்தாக்குகளுக்கெல்லாம் அரசாவது அவை தாழ்ந்து கிடப்பதால். ‘ஜுவாங்ட்சு’வில் மஞ்சளாற்றுத் தெய்வம் இலையுதிர்கால வெள்ளத்தில் பூரித்து, உலகின் அழகெல்லாம் தன்னிடமே என்று நினைத்துக் கிழக்கே ஓடி, வடகடலைக் கண்டு நாணுகிறது, எவ்வளவு ஆறு வந்தாலும் நிரம்பாத அந்தக் கடலோ, வானுக்கும் மண்ணுக்கும் நடுவே நான் மலையில் ஒரு சிறு கல் என்கிறது. இந்த உவமைகள் தத்துவ நூல்களில் இருந்தவரை அழகாக இருந்தன. இவற்றை எடுத்து ஓர் அரசன் முன் வாதமாக வைத்தவர் லீ ஸி. அங்கே கதை சூடுபிடிக்கிறது.

கி.மு. 237. ச்சின் நாட்டில் ஒரு மாபெரும் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஜிங் ஆற்றிலிருந்து லுவோ ஆறுவரை, சீன அளவில் முந்நூறு லீ நீளத்துக்கு மேல். வெட்டுவித்த பொறியாளர் ஜெங் குவோ, பக்கத்து ஹான் நாட்டுக்காரர். ச்சின்னின் ஆளையும் பணத்தையும் மண்ணில் கொட்டவைத்தால் போருக்கு வரமாட்டார்கள் என்று எண்ணி ஹான் அரசுதான் அவரை அனுப்பியது. பாதி வேலையில் குட்டு வெளிப்பட்டது. ச்சின் அரச குடும்பத்தாரும் பிரபுக்களும் கொதித்தெழுந்து, வெளிநாட்டிலிருந்து வந்த எல்லாரும் ஒற்றர்கள்தாம், ஒருவர் விடாமல் துரத்துங்கள் என்றார்கள். துரத்தப்படுவோர் பட்டியலில் ச்சூ நாட்டில் பிறந்த லீ ஸியின் பெயரும் இருந்தது.

அவர் அரசனுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். ச்சின்னை வல்லரசாக்கியவர்கள் யார் யார், எந்தெந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று வரிசையாக அடுக்கினார். உங்கள் அரண்மனையில் இருக்கும் மணிகளும் முத்துகளும் இசையும் ச்சின்னில் பிறந்தவையா? பொருளென்றால் எங்கிருந்து வந்தாலும் சரி, மனிதனென்றால் மட்டும் ஊர் கேட்பீர்களா? இந்த வாதத்தின் உச்சியில், தாய் மலை ஒரு பிடி மண்ணையும் தள்ளாததால் உயர்ந்தது, ஆறும் கடலும் சிற்றோடையையும் ஒதுக்காததால் ஆழமாயின என்ற உவமை வருகிறது. அரசன் ஆணையைத் திரும்பப் பெற்றான். கால்வாய் வெட்டியவரும் தப்பித்தார். ஒற்றனாக வந்தது உண்மைதான், ஆனால் கால்வாய் முடிந்தால் ச்சின்னுக்குத்தானே லாபம் என்று அவர் கேட்டாராம். வேலை முடிந்தது. சீன நில அளவில் நாற்பதாயிரம் ச்சிங் உவர்நிலம் விளைநிலமானது. அந்தச் சமவெளியில் பஞ்சமே இல்லாமல் போயிற்று என்று வரலாற்றாசிரியர் சிமா ச்சியென் எழுதுகிறார். பகைவன் அழிக்க அனுப்பிய திட்டம் ச்சின்னுக்குச் சோறுபோட்டது. அந்த அரசன்தான் பின்னாளில் சீனத்தை ஒன்றாக்கிய முதல் பேரரசன்.

இந்த விண்ணப்பத்தைப் படித்து நெகிழ்ந்தவர்கள் நான்கு ஆண்டுகள் தள்ளியும் ஒரு பக்கத்தைப் புரட்டவேண்டும். லீ ஸியோடு ஒரே ஆசிரியரிடம் படித்தவர் ஹான் ஃபெய். திக்குவாய், பேச வராது, எழுத்தில் அசுரர். தம்மால் அவருக்கு ஈடாக முடியாது என்பது லீ ஸிக்கே தெரியும் என்று சிமா ச்சியென் வெளிப்படையாகச் சொல்கிறார். ஹான் ஃபெய்யின் கட்டுரைகளைப் படித்த ச்சின் அரசன், இவரைச் சந்தித்துவிட்டால் செத்தாலும் கவலையில்லை என்றான். கி.மு. 233இல் ஹான் ஃபெய் தூதராக ச்சின்னுக்கு வந்து சேர்ந்தார். அவர் ஹான் நாட்டு அரச குடும்பத்தவர், என்றைக்கும் ஹானுக்குத்தான் விசுவாசமாக இருப்பார் என்று அரசனிடம் கோள் சொன்னவர்களில் லீ ஸி ஒருவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் தம்மைத் துரத்தச் சொன்ன அதே வாதம், இப்போது அவர் வாயில். ஹான் ஃபெய் சிறையில் அடைக்கப்பட்டார். லீ ஸி நஞ்சு அனுப்பினார். அரசன் மனம் மாறி விடுதலை ஆணை அனுப்பியபோது நேரம் கடந்திருந்தது.

கடலைப் பற்றி அவ்வளவு நன்றாக எழுதிய கை அது. இதைப் போலித்தனம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. தன் நாட்டுக்குள் அயலாரைச் சேர்க்கச் சொல்வது கொள்கை. தன் நாற்காலிக்கு அருகில் தன்னை விஞ்சியவனுக்கு ஒரு நாற்காலி போடுவது வேறு வகைச் சோதனை. லீ ஸியின் விண்ணப்பம் அடுக்கும் பெயர்களில் முதல் பெயர் ச்சின் நாட்டின் மூ கோமகன். இந்தச் சோதனையை நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அனுபவித்துப் பேசியவர் அவர். நம் தொடரின் இரண்டாம் பாதி அவரிடமிருந்துதான் கிளைக்கிறது.

கி.மு. 628இல் மூ கோமகன் தொலைவிலிருந்த ஜெங் நாட்டின்மீது திடீர்ப் படையெடுப்புக்குத் திட்டமிட்டார். முதிய அமைச்சர் ஜியான் ஷூ வேண்டாமென்றார்: அவ்வளவு தூரம் படை நடந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கோமகன் கேட்கவில்லை. படை புறப்படும் நாளில் ஜியான் ஷூ வாசலில் நின்று அழுதார். நீங்கள் போவதைப் பார்க்கிறேன், திரும்புவதைப் பார்க்கமாட்டேன் என்றார். கோமகன் ஆளனுப்பி, உரிய வயதில் நீ செத்திருந்தால் உன் சமாதிமேல் நட்ட மரம் இந்நேரம் கட்டிப்பிடிக்கும் அளவு பருத்திருக்கும் என்று ஏசினார். படையில் ஜியான் ஷூவின் மகனும் இருந்தான். யாவ் கணவாயின் இரண்டு மேடுகளுக்கு நடுவே நீ சாவாய், உன் எலும்பை அங்கே வந்து பொறுக்கிக்கொள்கிறேன் என்று அவனிடம் சொல்லியனுப்பினார் கிழவர். அப்படியே ஆயிற்று. யாவ் கணவாயில் ஜின் நாட்டுப் படை காத்திருந்து ச்சின் படையை முழுதும் அழித்தது. மூன்று தளபதிகள் பிடிபட்டார்கள்.

அந்த மூவரும் விடுவிக்கப்பட்டுத் திரும்பி வந்தபோது மூ கோமகன் துக்க வெள்ளை உடுத்தி நகர எல்லைக்கே போய் நின்று அழுதார். ஜியான் ஷூவின் சொல்லைக் கேட்காதது என் குற்றம், உங்கள் மீது என்ன பிழை என்றார். தலைமைத் தளபதி மெங் மிங்கை அதே பதவியில் வைத்துக்கொண்டார். மெங் மிங் அடுத்தும் ஒரு போரில் தோற்றார், அப்போதும் மாற்றவில்லை. கி.மு. 624இல் மெங் மிங்கோடு மஞ்சளாற்றைக் கடந்து, வந்த படகுகளைக் கொளுத்திவிட்டு முன்னேறினார்கள். ஜின் படை வெளியே வரவே இல்லை. ஊர் திரும்புவதற்கு முன்னால் அவர்கள் செய்த காரியம், யாவ் கணவாய்க்குப் போய், மூன்று ஆண்டுகளாகக் கிடந்த தங்கள் ஆட்களின் எலும்புகளை எடுத்து அடக்கம் செய்தது.

இந்தத் தோல்வியையொட்டி மூ கோமகன் தம் மக்கள் முன் ஆற்றியதாக ஓர் உரை, சீனத்தின் மிகப் பழைய அரசாவணத் தொகுப்பான ‘ஷாங்ஷூ’வின் கடைசி அத்தியாயமாக இருக்கிறது. தனக்கு வேண்டிய அமைச்சர் எப்படிப்பட்டவர் என்று அதில் சொல்கிறார். தனித்திறமை ஏதும் இல்லாத எளிய மனிதராக இருக்கட்டும். ஆனால் நெஞ்சு விரிந்ததாக, ‘யோ ரோங்’, கொள்ளும் இடம் உள்ளதாக இருக்கவேண்டும். பிறரிடம் ஒரு திறமை இருந்தால் அதைத் தன்னிடமே இருப்பதுபோல் கருதவேண்டும். பிறர் அறிவாளியென்றால் வாயளவில் பாராட்டுவதோடு நிற்காமல் மனமார விரும்பவேண்டும். இதற்கு நேரெதிரான ஆளையும் காட்டுகிறார்: அடுத்தவன் திறமையைக் கண்டு பொறாமைப்படுபவன், அதை மேலே போகவிடாமல் தடுப்பவன், ‘கொள்ள முடியாதவன்’. அப்படிப்பட்டவனால் நாட்டுக்கு ஆபத்து. ஜியான் ஷூவைச் சமாதி மரத்தைச் சொல்லி ஏசிய வாயிலிருந்து இந்தப் பேச்சு வருகிறது என்பதை நினைத்துக்கொண்டு படிக்கவேண்டும்.

ஆகவே ‘யோ ரோங்’ என்ற இரண்டு எழுத்துகளின் பழைய பொருளில் மன்னிப்பு இல்லை. பிறர் திறனுக்கு இடம் தருவதே இருக்கிறது. ‘பேரறிவு’ என்ற நூலும் இந்தப் பகுதியை எடுத்தாள்கிறது. அந்நூல் 1313இலிருந்து 1905இல் அரசுத் தேர்வு முறை ஒழியும்வரை தேர்வெழுதியவர்கள் எல்லாரும் மனப்பாடம் செய்தது.

ஆனால் எட்டெழுத்துத் தொடரில் இருக்கும் வடிவம் நேராக வந்தது வேறு அத்தியாயத்திலிருந்து. ‘ஷாங்ஷூ’விலேயே ‘ஜுன் ச்சென்’ என்ற பகுதியில், ஜோவ் மன்னன் ஓர் அதிகாரியைத் தோற்ற நாட்டு மக்கள் குடியேற்றப்பட்ட கிழக்குப் பகுதிக்கு அனுப்பும்போது, முரண்டு பிடிப்பவர்மேல் சினக்காதே, ஒரே ஆளிடம் எல்லாத் தகுதியும் எதிர்பார்க்காதே, பொறுமை இருந்தால் காரியம் கைகூடும், கொள்ளும் இடம் இருந்தால் அறம் பெரிதாகும் என்கிறான். இந்த அத்தியாயம் பழையதன்று. கி.மு. 213இல் பழைய நூல்களை எரிக்கச் சொல்லி ஆலோசனை தந்தவர் நம் லீ ஸிதான். எரிக்கப்பட்டவற்றில் ‘ஷாங்ஷூ’ முக்கியமானது. அந்தத் தீயில் விழுந்த ஓட்டைகளை நிரப்புவதாக நான்காம் நூற்றாண்டில் இருபத்தைந்து அத்தியாயங்கள் அரசவைக்கு வந்தன. ‘ஜுன் ச்சென்’ அவற்றில் ஒன்று. அவை பின்னாளில் இட்டுக்கட்டியவை என்று பதினேழாம் நூற்றாண்டில் யான் ருவோச்சு வரிவரியாக ஒப்பிட்டு நிறுவினார். ச்சிங்ஹுவா பல்கலைக்கழகத்துக்கு 2008இல் வந்து சேர்ந்த மூங்கில் சுவடிகளும் அவர் பக்கமே நின்றன. பொறுமை பற்றிய பாதிக்கு ‘குவோயூ’ என்ற பழைய நூலில் மேற்கோள் உண்டு. ஒரே ஆளிடம் எல்லாம் எதிர்பார்க்காதே என்பதற்கு ஒத்த வாசகம் கன்ஃபூசியஸின் உரையாடல்களில் உண்டு. இட்டுக்கட்டியவர் கிடைத்த பழஞ்சொற்களைப் பொறுக்கிக் கோத்திருக்கிறார். கைதேர்ந்த கோப்பு, அதனால்தான் ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்றது.

அந்த வாசகத்தில் பெரிதாவது ‘அறம்’. எட்டெழுத்துத் தொடரில் அந்த எழுத்து உதிர்ந்துவிட்டது. எது பெரிதாகிறது என்பது சொல்லப்படாததால் பல்கலைக்கழகமும் நகரமும் வணிக நிறுவனமும் இதைத் தமக்கென்று எடுத்து மாட்டிக்கொள்ள முடிகிறது. எனக்கென்னவோ அந்த உதிர்ந்த எழுத்து ஓர் இழப்பாகத்தான் படுகிறது.

பெருந்தன்மைக்குச் சீன மக்கள் வழக்கில் இன்னொரு பழமொழி உண்டு: அமைச்சர் வயிற்றுக்குள் படகே ஓட்டலாம். இங்கும் கொள்ளளவுதான். இப்படிப்பட்ட வயிறுடையவர் என்று என் மனத்தில் நிற்பவர் தாங் காலத்து லோ ஷிதெ. பருத்த உடம்பு, மெதுவான நடை. எல்லையில் படைவீரர்களுக்கான பண்ணைகளை நெடுங்காலம் நடத்தியவர். அவர் நடைக்குக் காத்திருந்து சலித்த சக அமைச்சர் ஒருவர் பட்டிக்காட்டான் என்று திட்டியபோது, நான் பட்டிக்காட்டான் இல்லையென்றால் வேறு யார் என்று சிரித்தார். முகத்தில் யாரேனும் துப்பினால் துடைத்துக்கொள்வேன் என்று தம்பி சொன்னதற்கு, துடைத்தால் துப்பியவன் கோபம் கூடும், தானாகக் காயவிடு என்றவரும் இவரே. இந்தக் கதைதான் ஊரறிந்தது. எனக்கு இது பெரிதாகப் படவில்லை. ஒற்றர்களும் கோள்மூட்டிகளும் நிறைந்த வூ பேரரசியின் அவையில் உயிர் பிழைக்க அது ஒரு வழியாகவும் இருந்திருக்கும்.

பெரிது அடுத்த கதை. புகழ்பெற்ற அமைச்சர் தி ரென்ஜியேவுக்கு லோ ஷிதெவைக் கண்டால் ஆகாது. அவரை அடிக்கடி வெளியூர்ப் பணிக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். பேரரசி ஒரு நாள் கேட்டார்: லோ ஷிதெ தகுதியானவரா? எல்லையைக் கவனமாகக் காப்பார், தகுதி எனக்குத் தெரியாது என்றார் தி ரென்ஜியே. ஆள் அறியும் திறமை உண்டா? கூட வேலை பார்த்திருக்கிறேன், அப்படிக் கேள்விப்பட்டதில்லை. உங்களை எனக்குத் தெரியவைத்ததே அவர்தானே என்று சொல்லி, லோ ஷிதெ எழுதிய பரிந்துரைகளை எடுத்துக் காட்டினார் பேரரசி. வெளியே வந்த தி ரென்ஜியே, இவ்வளவு காலம் அவர் என்னைத் தமக்குள் கொண்டிருந்திருக்கிறார், அவருடைய கரை எங்கே என்று என்னால் பார்க்க முடியவில்லை என்று பெருமூச்சு விட்டாராம். அவர் வாயில் வந்த வினை ‘ரோங்’. மூ கோமகன் தேடிய அமைச்சர் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்துவிட்டார்.

இன்று எட்டெழுத்துத் தொடரை ஊரெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டு அதிகாரி லின் செஷூவின் பேரோடுதான் சொல்கிறார்கள். அவர் குவாங்தோங், குவாங்ஷி மாகாணங்களின் தலைமை ஆளுநராக இருந்தபோது அலுவலகத்தில் தம் கையால் எழுதி மாட்டியது என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர் எழுதியது ஈரடி. சுவரில் தொங்கவிடுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இரண்டாம் அடி, ஆயிரமாயிரம் அடி உயரச் செங்குத்துப் பாறை ஆசை இல்லாததால் உறுதியாக நிற்கிறது என்கிறது. அதற்கு வேர் கன்ஃபூசியஸிடம் இருக்கிறது: உறுதியானவர் என்று யாரோ ஒரு மாணவரைச் சுட்டியபோது, அவருக்கு ஆசை இருக்கிறதே, உறுதி எங்கிருந்து வரும் என்று கேட்டார். கடலும் பாறையும் ஒருங்கே வேண்டும் என்று நினைத்தவர் லின். முதல் அடியைத் தனியே பிரித்தால், எதற்கும் தலையாட்டும் மனிதருக்கும் அது பொருந்திவிடும்.

அவர் வாழ்க்கையில் இரண்டு அடிகளுமே தெரிகின்றன. அபினியை ஒழிக்க 1839இல் குவாங்ஜோவுக்கு அனுப்பப்பட்டவர், பகைவரின் அறிவை வாங்கிக்கொள்ள ஆள் தேடினார். மொழிபெயர்ப்பாளர்களைச் சேர்த்துக்கொண்டு மக்காவ் ஆங்கில இதழ்களையும், ஹியூ மர்ரேயின் புவியியல் கலைக்களஞ்சியத்தையும், வாட்டெல் எழுதிய நாடுகளுக்கிடையிலான சட்டநூலின் பகுதிகளையும் சீனத்தில் வரவழைத்தார். அந்த மொழிபெயர்ப்பாளர்களில் முதியவரான ஒருவர் வங்காளத்துச் சேரம்பூரில் படித்தவர். அயலார் எழுத்தைத் தொடுவதே இழிவென்று பல அதிகாரிகள் எண்ணிய காலம் அது. பதவி பறிக்கப்பட்டு நாடுகடத்தப்படும் வழியில், சேர்த்த தாள்களையெல்லாம் நண்பர் வெய் யுவானிடம் ஒப்படைத்தார். வெய் யுவான் அவற்றை விரித்து ‘கடல்நாடுகளின் வரைபட நூல்’ ஆக்கினார். நூலைப் பிறர் முடிக்கட்டும் என்று கொடுத்துவிட்டு லின் மேற்குப் பாலைநிலத்துக்குப் போனார். அங்கே வாய்க்கால் வெட்டுவித்தார்.

பாறையைக் காட்டியது ஹூமென் கடற்கரை. ஆங்கில வணிகர்களிடமிருந்து கைப்பற்றிய அபினிப் பெட்டிகள் 20,283. எடை ஏறத்தாழ 1,200 டன். பெரும்பாலும் பாட்னா, காசி, மால்வா என்று நம் நாட்டு நிலங்களில் விளைந்தது. கரையில் பெருங்குழிகள் வெட்டி, நீர் நிரப்பி, உப்பைக் கொட்டி, அபினி உருண்டைகளைத் துண்டாக்கிப் போட்டு ஊறவைத்து, மேலே சுண்ணாம்பைச் சேர்த்தார்கள். குழி கொதித்துப் புகைந்தது. ஆட்கள் மேலே போட்ட பலகைகளில் நின்று கிளறினார்கள். கடல்நீர் வடியும் நேரம் பார்த்து மதகைத் திறந்தால் கரைசல் கடலுக்குள் ஓடும். ஜூன் 3இல் தொடங்கி 25இல் முடிந்த வேலை.

இவ்வளவையும் கடல்தான் வாங்கிக்கொள்ளவேண்டும். வேலை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, ஜூன் 1 காலையில், லின் கடல் தெய்வத்துக்குப் படையல் வைத்து, தாமே எழுதிய வேண்டுதலைப் படித்தார். நாட்டைப் பிடித்த நஞ்சை உன்னிடம் கரைக்கப்போகிறேன் என்று தெரியப்படுத்தினார். மீன்களையும் மற்ற நீர்வாழ் உயிர்களையும் அந்த நாட்களில் கொஞ்சம் விலகிப் போய் இருக்கச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.